பந்திக்கு முந்தும் புரோசஸ்: முன்னுரிமையை மாற்றி மாட்டிக்கொண்டவர்களுக்கு

தை பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி கல்யாண ஸ்டுடியோக்களிலிருந்துதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பாண்டிக்கும் பஸ் ஏறுவேன். ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங், பில்லிங், ஜெராக்ஸ் கடை என்று எல்லா விதமான சிஸ்டமும் கைக்கு வரும். கொஞ்ச நாளாக ஒரு புகார் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது: "தம்பி, சிஸ்டம் ஸ்லோவா இருந்துச்சு. யாரோ சொன்னாங்கன்னு எல்லாத்தையும் ஹைல வச்சேன். இப்ப இன்னும் ஸ்லோ."

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். புரோசஸ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள். யாருக்கு முதலில் சிபியு என்று சொல்லும் புரோசஸ் முன்னுரிமையும் பந்திக் கணக்குதான். மண்டபத்தில் இலை காலியாகக் கிடந்தால் யார் எப்போது வந்தாலும் உட்காரலாம், முந்த வேண்டிய அவசியமே இல்லை. இலையைவிட ஆள் அதிகமானால்தான் முந்துகிறவருக்கு லாபம். இன்னொன்று, சோறே வேகவில்லை என்றால் முதல் பந்தியில் உட்கார்ந்தவரும் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இலைதான் சிபியு, சோறு என்பது ஹார்டு டிஸ்கிலிருந்தோ நெட்டிலிருந்தோ வர வேண்டிய டேட்டா. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

விண்டோஸ் உள்ளுக்குள் 0 முதல் 31 வரை முன்னுரிமை எண் வைத்திருக்கிறது. நமக்குக் காட்டுவது ஆறே படிகள்: லோ, பிலோ நார்மல், நார்மல், அபவ் நார்மல், ஹை, ரியல்டைம். இவற்றின் அடிப்படை எண்கள் வரிசையாக 4, 6, 8, 10, 13, 24. ஹையிலிருந்து ரியல்டைமுக்கு ஒரே தாவலாக 11 படி. அந்தத் தாவலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"மாத்திப் பாத்தேன், ஒரு வித்தியாசமும் தெரியல"

அதிகம் வரும் கேள்வி இதுதான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். சிஸ்டம் திணறும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். வேலை முடிந்து எல்லாம் அமைதியான பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

சிபியு 20 சதவீதத்தில் இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100-ல் நிற்கிறது என்றால் அது சோறு வேகாத கதை. முன்னுரிமையை எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது. பழைய ஹார்டு டிஸ்கில் கேமராவிலிருந்து படங்களை இறக்கிக்கொண்டே அதே டிஸ்கிலிருந்து ஆல்பமும் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். ஒன்று முடிந்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள், அல்லது வேலை நடக்கும் ஃபோல்டரை ஒரு எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டதா? அப்போதும் டிஸ்க்தான் அடி வாங்கும், ஏனென்றால் ரேமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். அதற்கு ரேம்தான் மருந்து.

இன்னொரு வகையும் இருக்கிறது. சிபியு 12, 13 சதவீதத்தில் அசையாமல் நிற்கும், டிஸ்கும் சும்மா இருக்கும், ஆனாலும் வேலை நகராது. ஒரே நேரத்தில் எட்டு த்ரெட் (மென்பொருளுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) ஓடக்கூடிய சிபியுவில் ஒரே ஒரு த்ரெட் முழு வேகத்தில் ஓடினால் கணக்கு 12.5 சதவீதம்தான் வரும். அந்த மென்பொருள் ஒரு வேலையை ஒரே த்ரெட்டில் செய்கிறது என்று அர்த்தம். ஒருவர் எட்டு இலை போட்டுக்கொண்டு சாப்பிட முடியாது. இதற்கும் முன்னுரிமை உதவாது.

சிபியு 90-க்கு மேலேயே நின்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள். அதற்குக் கீழே என்றால் உங்கள் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

"மவுஸ் இழுத்து இழுத்துப் போகுது, பாட்டு கரகரங்குது"

யாரோ எதையோ ஹையிலோ ரியல்டைமிலோ வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நீங்களேதான்.

லோ முதல் ஹை வரை உள்ள புரோசஸ்கள் எல்லாம் 1 முதல் 15 வரையிலான எண்களுக்குள் ஓடுகின்றன. அந்தப் பகுதியில் விண்டோஸ் சமயத்துக்குத் தகுந்தபடி எண்ணைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சமாளிக்கும். 16 முதல் 31 வரை ரியல்டைம் பகுதி. அங்கே இருப்பவர்களை அது தொடாது. திரையை வரைவது, கீபோர்டு எழுத்தை வாங்குவது, டிஸ்கில் எழுதுவது என்று விண்டோஸின் சொந்த வேலைகளில் பலவும் ரியல்டைம் எண்களுக்குக் கீழேதான் இருக்கின்றன. வீடியோ எக்ஸ்போர்ட் போன்ற வேலை, சிபியுவுக்குள் எத்தனை கோர் (கணக்குப் போடும் பகுதி) இருக்கிறதோ அத்தனையிலும் ஏறி உட்காரும். அதை ரியல்டைமில் வைத்தால் மண்டபத்தில் ஒரு இலைகூட மிச்சமிருக்காது. பரிமாறுகிறவரே உள்ளே வர முடியாமல் வாசலில் நிற்பார்.

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு ஸ்டுடியோ அண்ணன் சித்திரை முகூர்த்தத்துக்கு முந்தின இரவு இதைச் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திரையில் கடிகாரமே நின்றுவிட்டது. "அண்ணே, வைரஸா இருக்குமோ?" என்று நானே முதலில் சந்தேகப்பட்டேன். வைரஸ் இல்லை, வலது க்ளிக்கில் ஒரு ரியல்டைம்.

மவுஸ் கொஞ்சமாவது நகர்ந்தால் முதலில் அந்த எக்ஸ்போர்ட்டை அந்த மென்பொருளுக்குள்ளேயே நிறுத்திப் பாருங்கள். இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பொறுமையாக இருங்கள். டாஸ்க் மேனேஜர் ஹை முன்னுரிமையில்தான் ஓடுகிறது, அதனால் மற்றவற்றுக்கு முன்னால் எழுந்து வர வாய்ப்பு உண்டு. டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் அந்தப் புரோசஸை வலது க்ளிக் செய்து, செட் பிரையாரிட்டியில் பிலோ நார்மல் வைத்தால் சில நொடிகளில் சிஸ்டம் மூச்சு விடும். எதுவுமே அசையாவிட்டால் பவர் பட்டனை அழுத்தி அணைப்பதைத் தவிர வழியில்லை. சாதாரணமாக டாஸ்க் மேனேஜரில் வைத்தது என்றால் மறுபடி ஆன் செய்யும்போது அந்த ரியல்டைம் இருக்காது. சிஸ்டத்தை வேகமாக்குகிறேன் என்று வரும் ஆப்டிமைசர் மென்பொருளில் நிரந்தர விதியாக வைத்திருந்தால் திரும்பவும் வரும். அப்போது சேஃப் மோடில் நுழைந்து அந்த மென்பொருள் தானாகத் தொடங்குவதை நிறுத்திவிட்டு, பிறகு சாதாரணமாகத் திறந்து விதியை நீக்க வேண்டும்.

என் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் உயர்த்துவதில்லை. முந்தவிட வேண்டியவர் யாரென்று தேடாமல், இலையை அடைத்துக்கொண்டிருப்பவரைக் கொஞ்சம் பிந்தச் சொல்கிறேன். எக்ஸ்போர்ட் ஓடும்போதே பக்கத்தில் வேறு வேலை செய்ய வேண்டுமா? எக்ஸ்போர்ட்டைப் பிலோ நார்மலில் வையுங்கள், அவ்வளவுதான். மற்ற எதுவும் சிபியு கேட்காத நேரத்தில் எக்ஸ்போர்ட்டுக்கு முழு சிபியுவும் கிடைக்கும், வேகமும் குறையாது. நீங்கள் மவுஸைத் தொடும்போது மட்டும் அது ஒதுங்கும். புரோசஸ் லாஸ்ஸோ என்ற மென்பொருளில் உள்ள புரோபேலன்ஸ் என்ற வசதியும் இதைத்தான் தானாகச் செய்கிறது: பின்னால் ஓடும் ஏதாவது ஒன்று சிபியுவை விழுங்கத் தொடங்கினால் அதன் முன்னுரிமையைத் தற்காலிகமாக இறக்கி, அடங்கியதும் பழைய இடத்துக்கே திருப்பி வைக்கும்.

"ரியல்டைம்னு கொடுத்தேன், ஹைன்னு காட்டுது"

அட்மின் உரிமை இல்லாமல் கேட்டால் விண்டோஸ் எந்தச் செய்தியும் காட்டாமல் ஹையில் வைத்துவிடும். கோளாறு இல்லை. அப்படியே விட்டுவிடுங்கள், நல்லதுதான் நடந்திருக்கிறது.

"மூடித் திறந்தா பழையபடி நார்மலுக்கு வந்துடுது"

டாஸ்க் மேனேஜரில் வைப்பது அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும்தான். அந்த மென்பொருளை மூடினால் அதுவும் போய்விடும். நிரந்தரமாக வேண்டும் என்பதற்காகத்தான் பலரும் ஆப்டிமைசர் மென்பொருளைத் தேடுகிறார்கள். புரோசஸ் லாஸ்ஸோவில் ஒரு புரோசஸை வலது க்ளிக் செய்தால் சிபியு பிரையாரிட்டிக்குள் கரன்ட், ஆல்வேஸ் என்று இரண்டு பிரிவு வரும். கரன்ட் என்றால் இப்போதைக்கு, ஆல்வேஸ் என்றால் எப்போதும். அவசரத்தில் கரன்ட்டில் மாற்றிவிட்டு, விதி நிற்கவில்லை என்பவர்கள்தான் அதிகம்.

ஆல்வேஸில் வைத்தும் நிற்கவில்லையா? விதிகளைச் செயல்படுத்துவது நீங்கள் பார்க்கும் ஜன்னல் அல்ல, பின்னால் தனியாக ஓடும் கவர்னர் என்ற பகுதி. ஸ்டார்ட்டப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது அதையும் சேர்த்து அணைத்திருந்தால் விதி எழுத்தில் மட்டும்தான் இருக்கும். அப்புறம் புரோசஸின் பெயர். விதி அந்த மென்பொருளை ஓட்டும் எக்ஸி (.exe) ஃபைலின் பெயரைப் பார்த்துத்தான் பிடிக்கிறது. அப்டேட்டில் பெயர் மாறினாலோ, வேலையைச் செய்வது வேறு எக்ஸியாக இருந்தாலோ விதி ஆளில்லாத வீட்டுக்கு எழுதிய கடிதமாகிவிடும். எடிட்டிங் மென்பொருள்களில் சில, எக்ஸ்போர்ட்டைத் தனி எக்ஸியிடம் ஒப்படைக்கும். எக்ஸ்போர்ட் ஓடும்போது டீட்டெய்ல்ஸில் சிபியு வரிசைப்படி அடுக்கினால் மேலே நிற்பது யாரென்று தெரியும். விதியை அதற்கு வையுங்கள்.

பிரவுசரில் மட்டும் நிற்கவில்லை என்றால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். குரோம், எட்ஜ் போன்றவை நீங்கள் பார்க்காமல் வைத்திருக்கும் டேப்களின் முன்னுரிமையைத் தாங்களாகவே இறக்கிக்கொள்ளும். நீங்கள் ஏற்ற, அது இறக்க, அதுவே ஒரு வேலையாகிவிடும். இரண்டு ஆப்டிமைசரை ஒரே சிஸ்டத்தில் போட்டவர்களுக்கும் இதே நிலைதான். ஒன்றை எடுத்துவிடுங்கள். எதை என்று கேட்டால், எதை எதற்காகப் போட்டீர்கள் என்று உங்களுக்கே நினைவில்லையோ அதை.

விண்டோஸ் 11-ல் இன்னொரு குறுக்கீடும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் ஒரு புரோசஸ் பக்கத்தில் பச்சை இலை தெரிந்தால் அது எஃபிஷியன்சி மோடில் இருக்கிறது. அந்த மோடு முன்னுரிமையை லோவுக்கு இறக்குவதோடு, மின்சாரம் குறைவாகச் செலவாகும்படியும் ஓடச் சொல்லும். பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகையும் உள்ள புதிய சிபியுவாக இருந்தால் வேலை சிறிய கோருக்குப் போய்விடலாம். எக்ஸ்போர்ட் திடீரென்று இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் இந்த இலையைத் தேடிப் பாருங்கள். வலது க்ளிக் செய்து எடுத்துவிடலாம்.

"பில் போடுறப்ப மட்டும் நின்னு நின்னு போகுது"

இதில் நான் ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பாண்டியில் ஒரு மெடிக்கல் ஷாப். கல்லாவில் இருக்கும் அக்காதான் சிஸ்டத்தையும் பார்த்துக்கொள்வார். ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடும் நேரத்தில் பில்லிங் மெதுவாக இருக்கிறது என்று பில்லிங் மென்பொருளை ஹையில் வைத்திருந்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சிபியுவை அதிகம் சாப்பிடுகிறதே என்று இன்னொரு புரோசஸை லோவில் தள்ளியிருந்தார். அது அந்த பில்லிங்குக்கே டேட்டா எடுத்துக் கொடுக்கும் டேட்டாபேஸ் எஞ்சின்.

என்ன நடந்திருக்கும் பாருங்கள். ஹையில் இருக்கும் பில்லிங், மருந்தின் விலையைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய டேட்டாபேஸ் வரிசையின் கடைசியில் நிற்கிறது. நடுவில் நார்மலில் ஓடும் ஸ்கேன் எல்லா இலையையும் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறது. ஆக, ஹையில் இருப்பவர் உண்மையில் லோவின் வேகத்தில்தான் ஓடுகிறார். இதற்குத் தலைகீழ் முன்னுரிமை என்றே பெயர் சொல்லலாம்.

என்னைக் குழப்பியது, பில்லிங் முழுதாக நிற்கவில்லை என்பதுதான். சில நொடி நிற்கும், சட்டென்று இரண்டு வரி வரும், மறுபடி நிற்கும். நெட்வொர்க் கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன். காரணம் விண்டோஸுக்குள்ளேயே இருந்தது. ஏறக்குறைய 4 நொடிக்கு மேல் சிபியு கிடைக்காமல் பட்டினி கிடக்கும் த்ரெட்களைத் தேடிப்பிடித்து, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் 15-க்கு ஏற்றி ஓடவிடும் ஒரு ஏற்பாடு அதில் இருக்கிறது. அந்தத் தயவில்தான் பில் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. டேட்டாபேஸையும் பில்லிங்கையும் நார்மலுக்குக் கொண்டுவந்து, ஸ்கேனைக் கடை மூடிய பிறகு ஓடும்படி நேரம் மாற்றினேன். அத்தோடு சரியாகிவிட்டது. ஸ்விட்சுக்குக் காசு வாங்கவில்லை.

இதே கூத்து பிரிண்டரிலும் வரும். பிரிண்ட் கொடுத்தால் ரொம்ப நேரம் கழித்து வருகிறது என்றால் பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலரை யாராவது லோவில் தள்ளியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு மென்பொருள் யாருக்காகக் காத்திருக்கிறது என்று தெரியாமல் அதன் பக்கத்து ஆளை இறக்கக் கூடாது. தெரியாத பெயர் என்றால் கையே வைக்காதீர்கள்.

"நான் எதையும் தொடல, ஆனா எல்லாமே லோவுல இருக்கு"

பரம்பரைச் சொத்து. ஒரு புரோசஸ் லோவிலோ பிலோ நார்மலிலோ இருந்து, அது இன்னொன்றைத் திறந்தால், குழந்தைக்கும் பெற்றோரின் முன்னுரிமைதான் கிடைக்கும். மேல் படிகளுக்கு இந்த வழக்கம் இல்லை. பெற்றோர் ஹையில் இருந்தாலும் குழந்தை நார்மலில்தான் பிறக்கும். ஏழ்மை மட்டும்தான் வாரிசுக்குப் போகிறது, செல்வம் போவதில்லை.

எக்ஸ்ப்ளோரர் என்பது டெஸ்க்டாப்பும் டாஸ்க்பாரும் சேர்ந்தது. அதை யாராவது பிலோ நார்மலில் வைத்திருந்தால் டெஸ்க்டாப்பிலிருந்து திறக்கும் எல்லாமே இறங்கித்தான் வரும். டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் தலைப்பு வரிசையை வலது க்ளிக் செய்து, செலக்ட் காலம்ஸில் பேஸ் பிரையாரிட்டியை டிக் செய்யுங்கள். எல்லா புரோசஸின் நிலையையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பெற்றோரைச் சரிசெய்தபின் குழந்தைகளை மூடித் திறக்க வேண்டும், ஏற்கெனவே பிறந்தவை தானாக மாறாது.

"அக்சஸ் டினைடுன்னு வருது"

ஆன்டிவைரஸ், சில கேம்களின் காவல் மென்பொருள், விண்டோஸின் பாதுகாக்கப்பட்ட புரோசஸ்கள் ஆகியவற்றில் அட்மினாக இருந்தாலும் கை வைக்க முடியாது. முடியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு, ஏனென்றால் வைரஸும் அதையேதான் முதலில் முயலும். ஸ்கேன் தொந்தரவு என்றால் ஸ்கேன் ஓடும் நேரத்தை மாற்றுங்கள்.

"சாஃப்ட்வேரையே அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன், இன்னும் அப்படியேதான் இருக்கு"

சில ஆப்டிமைசர்கள், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலேயே எழுதிவிட்டுப் போகும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின் பகுதியில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன் என்று இறங்கினால் இமேஜ் ஃபைல் எக்ஸிகியூஷன் ஆப்ஷன்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் உங்கள் எக்ஸியின் பெயரிலும், அதனுள் பெர்ஃப் ஆப்ஷன்ஸ் என்றும் ஒரு கிளை இருக்கிறதா பாருங்கள். அதில் சிபியு பிரையாரிட்டி கிளாஸ் என்ற மதிப்பு 1 என்றால் லோ, 2 நார்மல், 3 ஹை, 5 பிலோ நார்மல், 6 அபவ் நார்மல். எண் வரிசைக்கும் படி வரிசைக்கும் சம்பந்தமில்லை, 5 என்பது 3-ஐவிடக் கீழே. இதைத் தெரியாமல் "கொஞ்சம் ஏத்துவோம்" என்று 3-ஐ 5 ஆக்கியவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அந்த பெர்ஃப் ஆப்ஷன்ஸ் கிளையை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து எடுத்து வைத்துக்கொண்டு அழியுங்கள். பக்கத்துக் கிளைகளைத் தொட வேண்டாம்.

"காலைல நல்லாத்தான் ஓடுது, மத்தியானம் படுத்துடுது"

கத்திரி வெயிலில் கடலூரில் ஏசி இல்லாத மாடிக் கடையில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் உங்கள் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு வரைபடத்துக்குக் கீழே ஸ்பீடு, பேஸ் ஸ்பீடு என்று இரண்டு எண்கள் இருக்கும். கனமான வேலை ஓடும்போது ஸ்பீடு, பேஸ் ஸ்பீடைவிட வெகுவாகக் கீழே இறங்கினால் முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். சூடு தாங்காமல் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பவர் பிளானில் பவர் சேவர் இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதுவும் இதே அறிகுறியைக் காட்டும்.

கடற்கரைப் பக்கம் உள்ள கடைகளில் தூசி மட்டும் வருவதில்லை, உப்பு ஈரமும் சேர்ந்து வருகிறது. சிபியு ஃபேனுக்கு அடியில் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே அது கம்பளி மாதிரிப் படிந்துவிடும். போன மே மாதம் சில்வர் பீச் போகும் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை சிஸ்டம். பதினேழு முன்னுரிமை விதிகள் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன்; திருகுகள் துருப்பிடித்து இரண்டு உடைந்தே போயின. ப்ளோயர் அடித்து, சிபியுவின் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி மூடியபோது மத்தியானம் மூன்று மணி. 1.1 கிகாஹெர்ட்ஸில் நின்றுகொண்டிருந்த ஸ்பீடு 3.4-க்கு வந்தது. விதி ஒன்றுகூட இல்லாமல்தான் அந்த சிஸ்டம் இன்றுவரை ஓடுகிறது.